காபி போட்ட பீரும் ஐந்நூறு வருடச் சண்டையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெர்லினில் நான் தங்கியிருக்கும் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை. கோபன்ஹேகன் போய்த் திரும்பிய தோழி ஒருத்தி அங்கிருந்து ஒரு பாட்டில் பீர் கொண்டுவந்திருந்தாள். ஆளுக்கு அரை டம்ளர்தான் தேறியது. (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) லேபிளைப் பார்த்தால் தண்ணீர், பார்லி மால்ட், ஓட்ஸ், ரை, காபி, ஹாப்ஸ், ஈஸ்ட் என்று போட்டிருந்தது. மால்ட் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பது. நம் வீடுகளில் கேழ்வரகுக்குச் செய்வதேதான்.

டம்ளரில் ஊற்றியதும் நம் டிகாஷன் மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. நுரைகூட வெள்ளையாக இல்லை, பழுப்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காபிக்கொட்டை அரைக்கும் கடை வாசலில் நிற்பது போல ஒரு மணம். முதல் வாய் கசப்பு. பிறகு கொஞ்சம் தீய்ந்த ரொட்டி. ஓட்ஸ் இருப்பதால் கஞ்சியைப் போன்ற வழவழப்பு, கடைசியில் ரை தரும் லேசான காரம் நாக்கின் ஓரத்தில். பாலும் சர்க்கரையும் போடாமல் ஆறிப்போன பில்டர் காபியில் சோடா ஊற்றினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

பவேரியாவிலிருந்து வந்து படிக்கும் என் அறைத்தோழன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பீர் இல்லை" என்றான். அவர்கள் ஊரில் 1516-லிருந்து சட்டம் இருக்கிறதாம். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர வேறு எது சேர்ந்தாலும் அதற்குப் பீர் என்று பெயர் வைக்கக்கூடாதாம். ஐந்நூறு வருடத் தூய்மையில் கொண்டுபோய்க் காபியைக் கொட்டினால் எப்படி என்று கேட்டான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கோபம்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க நூலகத்தில் பாடப் புத்தகத்தைத் தொடாமல் இதையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பீருக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்ற கோட்டை யாருடைய நாக்கும் போடவில்லை. ரொட்டி விலையும் வரி வசூலும்தான் போட்டன.

முதலில் அந்தப் புகழ்பெற்ற சட்டம். 1516 ஏப்ரல் 23-ம் தேதி, இங்கோல்ஸ்டாட் நகரில், பவேரியாவை ஆண்ட நான்காம் வில்ஹெல்மும் அவர் தம்பி பத்தாம் லுட்விக்கும் வெளியிட்டது. முழு வாசகத்தையும் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் பெரும்பகுதி விலைக் கட்டுப்பாடு! செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரலில் வரும் ஜார்ஜ் திருநாள் வரை ஒரு 'மாஸ்' பீர், அதாவது சுமார் 1 லிட்டர், 1 பெனிக்குக்கு மேல் விற்கக்கூடாது. மற்ற மாதங்களில் 2 பெனிக்குக்கு மேல் கூடாது. இதற்கு நடுவில் ஒரு வாக்கியமாக வருகிறது பார்லி, ஹாப்ஸ், தண்ணீர். மீறினால் பீப்பாயோடு பறிமுதல். ஈஸ்ட் என்ற பேச்சே இல்லை. ஈஸ்ட் ஓர் உயிர், அதுதான் நொதிக்க வைக்கிறது என்பதெல்லாம் 19-ம் நூற்றாண்டில் பாஸ்டர் போன்றவர்கள் வந்த பிறகுதான் நிலைநாட்டப்பட்டது.

பார்லி மட்டும் ஏன்? வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம் ரொட்டி. கோதுமையிலும் ரையிலும் நல்ல ரொட்டி வரும். பார்லி மாவு சரியாக உப்பாது. பீர் காய்ச்சுகிறவரும் ரொட்டி சுடுகிறவரும் ஒரே தானியத்துக்கு அடித்துக்கொண்டால் விலை ஏறும். விளைச்சல் பொய்த்த வருடத்தில் அது ஏழையின் உயிர்ப் பிரச்சினை. ஆகவே கோதுமையும் ரையும் அடுப்புக்கு, பார்லி பீப்பாய்க்கு. நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூய்மைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சட்டம் போட்ட குடும்பமே அதை நடத்திய அழகைப் பாருங்கள். 1548-ல் டேகென்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமை பீர் காய்ச்சத் தனி உரிமை கொடுக்கப்பட்டது. 1602-ல் அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. அப்போது பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கோதுமை பீர் பவேரிய கஜானாவின் முக்கிய வருமானங்களில் ஒன்று. ஊரான் கோதுமையில் காய்ச்சினால் குற்றம், அரசர் காய்ச்சினால் வருவாய்! ரைக்கு இப்படி ஒரு அரச ஆதரவாளர் கிடைக்கவில்லை. ரை பீர் மெல்லக் காணாமல் போய், 1988-ல்தான் பவேரியாவின் ஷீர்லிங் என்ற சிற்றூரில் திரும்பவும் விற்பனைக்கு வந்தது.

'தூய்மைச் சட்டம்' என்ற பெயர் இருக்கிறதே, அது 1516-ல் கிடையாது. 1918-ல் பவேரிய சட்டமன்றத்தில் பீர் வரி பற்றிய விவாதத்தில்தான் அந்த வார்த்தை முதலில் பதிவாகியிருக்கிறது. நானூறு வருடம் கழித்து வைத்த பெயர், அதுவும் வரி விவாதத்தில்.

சரி, தானியத்தின் கதை இது. காபியின் கதை இன்னும் சுவாரஸ்யம், அதுவும் நான் இருக்கும் இந்த பெர்லினிலேயே நடந்தது. 18-ம் நூற்றாண்டில் பிரஷ்யா மக்கள் காபிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். காலையில் பீர் ஊற்றிய சூப் குடித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதை விட்டுவிட்டுக் காபி குடிக்க ஆரம்பித்தார்கள். அரசர் இரண்டாம் பிரெடெரிக்குக்கு இது பொறுக்கவில்லை. பிரஷ்யாவுக்குக் காபி விளையும் காலனி எதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் நாட்டின் பணம் வெளியே போகிறது. பார்லி நம் வயலில் விளைகிறது, பீர் நம் ஊரில் காய்ச்சப்படுகிறது, அதைக் குடியுங்கள் என்று 1777-ல் அறிவித்தார். தான் வளர்ந்ததே பீரில்தான் என்றும், பீர் குடித்த சிப்பாய்கள்தான் போர்களை வென்றார்கள் என்றும் வாதம். அவரே காபிப் பிரியர் என்பது வேறு விஷயம்.

சொன்னால் ஜனங்கள் கேட்பார்களா? 1781-ல் காபி வறுப்பதையே அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில்தான் வறுப்பார்கள். இனிமேல் வீட்டில் வறுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அது பிரபுக்கள், பாதிரியார்கள், உயர் அதிகாரிகள் போன்றவர்களுக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் திருட்டுத்தனமாக வறுத்தால்? கண்டுபிடிப்பது சுலபம், மணம் காட்டிக்கொடுத்துவிடும். போரில் காயம்பட்டு வேலைக்கு உதவாமல் போன முன்னாள் சிப்பாய்கள் சுமார் 400 பேரைச் சேர்த்து, தெருத்தெருவாக மோப்பம் பிடித்து நடக்கவிட்டார்கள். 'காபி மோப்பக்காரர்கள்' என்றே பெயர். ஒரு காலை இழந்த சிப்பாய், ஓய்வூதியத்துக்குப் பதிலாக அடுத்தவர் வீட்டு ஜன்னலில் மூக்கை நீட்டிப் பிழைக்கும் நிலை. படிக்கும்போது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. பிரெடெரிக் 1786-ல் இறந்தார், அடுத்த வருடமே இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

ஆனால் இதற்குள் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சிக்கரி வேரை வறுத்துப் பொடித்தார்கள். அதற்கு 'பிரஷ்யக் காபி' என்றே பெயர் வந்தது. பார்லியையும் ரையையும் வறுத்தார்கள். பிற்பாடு நெப்போலியன் 1806-ல் பிரிட்டனுக்கு எதிராகத் துறைமுகங்களை மூடியபோது ஐரோப்பா முழுக்க சிக்கரி பரவியது. நம் பில்டர் காபியில் இன்று 80:20 என்று கணக்குப் பார்த்துச் சேர்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் மூதாதை ஐரோப்பாவின் இந்தக் காபிப் பஞ்சம்தான்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1777-க்குச் சரியாக இருநூறு வருடம் கழித்து, 1977-ல், அதே மண்ணில் கிழக்கு ஜெர்மனி அரசு திரும்பவும் காபியில் கைவைத்தது. 1975-ல் பிரேசிலில் அடித்த உறைபனியில் காபிச் செடிகள் கருகி, உலகச் சந்தையில் விலை பறந்தது. கிழக்கு ஜெர்மனியிடம் டாலர் இல்லை. மலிவான காபிக்குப் பதில் 'காபி மிக்ஸ்' என்று ஒரு கலவையைக் கடைகளில் வைத்தார்கள். பாதிக்குச் சற்று மேல் காபி, மீதி ரை, பார்லி, பட்டாணி, பீட் இத்யாதி. பட்டாணி சேர்ந்ததால் ஓட்டல்களில் காபி மெஷின்கள் அடைத்துக்கொண்டன. ஜனங்கள் புகார் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள். ஆட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கரின் பெயரையும் மேற்கு ஜெர்மன் காபி ஒன்றின் பெயரையும் முடிச்சுப் போட்டு அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பிறகு 1980-ல் வியட்நாமோடு காபித் தோட்ட ஒப்பந்தம் போட்டார்கள். செடிகள் வளர்ந்து கொட்டை வந்து சேர்வதற்குள் கிழக்கு ஜெர்மனியே இல்லாமல் போய்விட்டது!

ஆக, காபிக்கொட்டை இல்லாமல் வறுத்த தானியத்தில் காபியை வரவழைக்கும் வேலை இங்கே நடந்தது. இதே வேலை பீர் பக்கத்திலிருந்தும் நடந்தது. அதற்கு லண்டன் போக வேண்டும்.

18-ம் நூற்றாண்டு லண்டனில் சுமைக் கூலிகள் விரும்பிக் குடித்த கறுப்புப் பீர் 'போர்ட்டர்'. விறகுத் தீயில் காட்டிய பழுப்பு மால்ட்டில் காய்ச்சுவார்கள். 1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர், ஊறல் நீரில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்கியிருக்கிறது என்று அளக்கும் கருவியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அளந்து பார்த்த ஆலைக்காரர்களுக்கு ஒரு அதிர்ச்சி. பழுப்பு மால்ட்டை விட வெளிர் மால்ட்டில் சத்து அதிகம், காசு மிச்சம். மால்ட்டுக்குத்தான் வரி என்பதால், பிரான்சுடனான போரில் வரி ஏற ஏற எல்லோரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் பீர் வெளுத்துவிட்டதே! குடிப்பவன் கறுப்பாகத்தான் கேட்கிறான். அதனால் கருக்கிய சர்க்கரை முதல் கண்டதையும் கலக்க ஆரம்பித்தார்கள்.

கண்டது என்றால் நிஜமாகவே கண்டது. அதில் ஒன்று நம்ம ஊர்ச் சரக்கு. காக்காய்க்கொல்லி விதை! குளத்தில் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பார்களே, அதேதான். மால்ட்டைக் குறைத்துவிட்டு இந்த விதையைப் போட்டால் போதை குறையாது. 1820-ல் பிரெடெரிக் ஆக்கும் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் லண்டனில் உணவுக் கலப்படம் பற்றிய புத்தகம் வெளியிட்டார். பிடிபட்டுத் தண்டனை பெற்ற பீர்க்காரர்களின் பெயர்களையே அச்சிட்டுவிட்டார். புத்தகம் பரபரப்பாக விற்றது. மறுவருடமே, நூலகப் புத்தகத்தில் தாள்களைக் கிழித்தார் என்று வழக்கு. மனிதர் ஜெர்மனிக்குப் புறப்பட்டுவிட்டார். இதே பெர்லினில் பேராசிரியராக இருந்து 1838-ல் காலமானார். காக்காய்க்கொல்லியைப் பற்றிப் படித்த பிறகு, பீரில் எதையாவது தடைசெய்கிற சட்டம் எல்லாமே அபத்தம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சில தடைகளுக்குப் பின்னால் நிஜமாகவே ஜனங்களின் உயிர் இருந்திருக்கிறது.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1816-ல் ஒரே போடாகப் போட்டது. மால்ட்டும் ஹாப்ஸும் தவிர எதையும் பீரில் சேர்க்கக்கூடாது. காக்காய்க்கொல்லி, அபின், நிறமேற்றும் கருஞ்சர்க்கரை எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை. ஆலைக்காரருக்கு 200 பவுண்டு அபராதம், அவருக்கு விற்ற மருந்துக் கடைக்காரருக்கு 500 பவுண்டு. நல்ல சட்டம். ஆனால் இப்போது கறுப்பு நிறத்துக்கு எங்கே போவது?

மறுவருடம், 1817-ல், டேனியல் வீலர் என்பவர் விடை கொண்டுவந்தார். மால்ட்டை இரும்பு உருளைக்குள் போட்டு, தீயின் மேல் சுழற்றிச் சுழற்றி, கருகும் எல்லை வரை வறுப்பது. கொஞ்சம் சேர்த்தாலே ஒரு பீப்பாய் கறுத்துவிடும், சட்டப்படியும் இது மால்ட்தான். அந்த உருளை எதைப் போல இருந்தது தெரியுமா? காபி வறுக்கும் உருளை! பேட்டண்ட் வாங்கிய மால்ட் என்பதால் இன்றைக்கும் 'பிளாக் பேட்டண்ட்' என்றே அதற்குப் பெயர். சில வருடங்களில் லண்டனிலும் டப்ளினிலும் கறுப்புப் பீர் காய்ச்சுகிறவர்கள் இதற்கு மாறினார்கள். போர்ட்டரும் ஸ்டௌட்டும் காபி மாதிரி மணப்பது யதேச்சை இல்லை. இரண்டும் ஒரே மாதிரி உருளையில், கிட்டத்தட்ட ஒரே சூட்டில் பிறந்தவை. வறுபடும்போது தானியத்திலும் சரி, காபிக்கொட்டையிலும் சரி, சர்க்கரையும் புரதச் சத்தும் சூட்டில் சேர்ந்து பைரசீன் போன்ற மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. இந்த வினையை 1912-ல் விவரித்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயரில்தான் இன்று வேதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

இதே வருடங்களில், இதே இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின் மீது குதிரைப் படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை. அன்று மேடையில் பேசவிருந்தவர் ஹென்றி ஹண்ட். அரசுக்கு வரி போகும் பொருள்களை வாங்காதீர்கள் என்று ஒரு இயக்கம் கிளம்பியது, நம் சுதேசி இயக்கம் மாதிரி. காபிக்கும் தேநீருக்கும் பதிலாக ஹண்ட் 'காலையுணவுப் பொடி' என்று வறுத்த தானியப் பொடியை விற்றார். வரித்துறை விடுமா? வறுத்த தானியத்தைக் காபி போல விற்பது சட்டவிரோதம் என்று பிடித்தது. ஹண்ட்டையோ பீட்டர்லூ கூட்டத்துக்காக இரண்டரை வருடம் சிறையில் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள். வறுத்த தானியம் பீப்பாய்க்குள் போனால் பேட்டண்ட், கோப்பைக்குள் போனால் குற்றம்! ஒரே நாடு, மூன்றே வருட இடைவெளி.

பார்லியை முளைகட்டாமல் நேரடியாக வறுத்துப் போட பிரிட்டிஷ் ஆலைகளுக்கு 1880 வரை அனுமதி கிடையாது. முளைகட்டாத பார்லிக்கு மால்ட் வரி விழாதே! கிளாட்ஸ்டன் வரியை மால்ட்டிலிருந்து எடுத்து பீர் மேல் போட்ட பிறகுதான் ஓட்ஸ், வறுத்த பார்லி, சர்க்கரை எல்லாம் தாராளமாக உள்ளே வந்தன. அதன் பிறகு ஓட்ஸ் ஸ்டௌட் தெம்பு தரும் பானம் என்றே விளம்பரமானது.

நிஜக் காபியைப் பீரில் போடுவது ரொம்பப் பிந்தி வந்தது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1978-ல் சட்டபூர்வமானது. அதிலிருந்து கிளைத்த சின்னச் சின்ன ஆலைகள் 1990-களில் காபி ஸ்டௌட் செய்ய ஆரம்பித்தன. கோபன்ஹேகனில் 2006-ல் தொடங்கிய மிக்கெல்லர், ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு பத்திரிகையாளரும் சமையலறையில் பழகி ஆரம்பித்தது. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓட்ஸும் காபியும் சேர்ந்த ஒரு ஸ்டௌட். அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் இந்த வகைக்குப் 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஹண்ட்டின் பொடி ஞாபகம் வருகிறது.

காபி சேர்ப்பதில் நுணுக்கம் இருக்கிறது. கொதிக்கும்போது போட்டால் கசப்பு ஏறி மணம் ஆவியாகிவிடும். அதனால் நொதித்து முடிந்த பிறகு குளிர்ந்த நீரில் ஊறிய டிகாஷனையோ முழுக் கொட்டையையோ சேர்க்கிறார்கள். காபி எண்ணெய் நுரையைக் கெடுக்கும். சில கொட்டைகள் நாளாக ஆகப் பச்சைக் குடமிளகாய் வாடை அடிக்கும். ஓட்ஸிலும் ரையிலும் பிசுபிசுப்பான நார்ச்சத்து அதிகம், வடிகட்டுவதற்குள் ஆலைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் அந்தப் பிசுபிசுப்புதான் நான் சொன்ன கஞ்சி வழவழப்பு.

இனி என் அறைத்தோழனின் வழக்கு. 1906-ல் ஜெர்மனி முழுமைக்கும் பரவிய சட்டம், மேலே நுரைக்கிற வகை பீர்களில் மற்ற தானிய மால்ட்டுகளை அனுமதிக்கிறது. இல்லாவிட்டால் பவேரியாவின் பெருமையான கோதுமை பீரே பீர் ஆகாது. ஆக ரை மால்ட்டும் ஓட்ஸ் மால்ட்டும் குற்றவாளிகள் இல்லை. காபி? 1987-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வேறு நாட்டில் சட்டப்படி காய்ச்சிய பீரை ஜெர்மனி தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் பாட்டில் டென்மார்க்கிலிருந்து வந்தது, தப்பித்தது. போலந்து எல்லையோரம் உள்ள நோய்ஸெல்லே மடாலயத்து ஆலை தன் கறுப்புப் பீரில் சர்க்கரைப் பாகு சேர்த்ததற்காகப் பத்து வருடம் பிராண்டன்பர்க் அதிகாரிகளோடு மல்லுக்கட்டி, 2005-ல் பீர் என்ற பெயரை வென்றது. பவேரியா மட்டும் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே காய்ச்சினால் விதிவிலக்கு கிடையாது.

இதையெல்லாம் அவனிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டான். காக்காய்க்கொல்லி இடத்தில் மட்டும் "பார்த்தாயா, சட்டம் வேண்டும்தானே" என்றான். சரிதான் என்றேன். பிறகு எழுந்துபோய் அவன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் பாட்டி கொடுத்தனுப்பும் மால்ட் காபி. 1890-களிலிருந்து மியூனிக்கில் பேர்போன சரக்கு. வறுத்த பார்லி மட்டும்தான், ஒரு காபிக்கொட்டைகூடக் கிடையாது.

"இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"காபி" என்று சொல்லிவிட்டு, அசடு வழியச் சிரித்தபடி தண்ணீர் கொதிக்கவைத்தான்.